நாணயம் – பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காசுச் சேகரிப்பு வரலாறு தரும் படிப்பினை



நம் தாய்மொழியாம் தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையில் குலுங்கும் காசுக்கும் நாணயம் என்றே பெயர். கொடுத்த வாக்கைக் காத்து, வாங்கியதற்குக் கணக்கு ஒப்புவிப்பவரையும் 'நாணயமானவர்' என்றே ஊரார் போற்றுவர். இவ்விரு பொருள்களும் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டென்றால், அது ஒரு ஜமாஅத்தின் ஆண்டறிக்கையாகத்தான் இருக்க முடியும். ஆகவே, இம்மலரில் நாணயத்தைப் பற்றியே சில செய்திகளை எடுத்துரைக்க விழைகிறோம். அதிலும் குறிப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாமே முன்னின்று சில்லறைக் காசுகளைத் திரட்டி, ஒரு நற்காரியத்திற்குக் கொடுத்துதவிய வரலாற்றைப் பற்றி.

சிறுகச் சேர்த்துப் பெரும்பணி முடிப்பது நமக்குப் புதிதன்று. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டுவைத்து, அதனை மதரஸாவிற்கு அனுப்பிய தாய்மார்களை நம் ஊர்கள் அறியும். முந்தானையில் முடிந்துவைத்த சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த மூதாட்டிகளையும் அறியும். மண் உண்டியலை உடைத்து எண்ணிய மகிழ்ச்சியை நம்மில் பலர் சிறுவயதில் நுகர்ந்திருக்கிறோம். எனினும், பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதற்கும், மாணவர்கள் தாமே ஒரு நோக்கத்தைத் தேர்ந்து, தாமே வசூலித்து, தாமே எண்ணி ஒப்படைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்குக் கடந்த 140 ஆண்டுகளில் சிறப்பான முன்மாதிரிகள் உள்ளன. வருந்தத்தக்க ஓர் எச்சரிக்கையும் உள்ளது. இரண்டையும் வரிசையாகக் காண்போம்.

அச்சேறிய பெயர்கள்

அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்திலேனும் காணாதவர் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி பார்தோல்டி வடித்த அச்சிலை, பிரான்சு மக்களின் அன்பளிப்பு. சிலை பிரான்சின் பொறுப்பு. அது நிற்பதற்கான பீடம் அமெரிக்காவின் பொறுப்பு என்பது ஏற்பாடு. சிலை ஆயத்தமாகியும் பீடத்திற்குப் பணம் சேரவில்லை. நியூயார்க் மாநிலம் 50,000 டாலர் ஒதுக்க முனைந்தபோது, அன்றைய ஆளுநர் குரோவர் கிளீவ்லாந்து 1884-இல் அதனைத் தடுத்துவிட்டார். நாட்டின் நாடாளுமன்றமும் கைவிரித்தது. செல்வந்தர்கள் வாளாவிருந்தனர்.

இந்நிலையில், 1885 மார்ச் மாதம், ஹங்கேரியிலிருந்து வெறுங்கையுடன் குடியேறி, 'தி வேர்ல்டு' நாளிதழின் உரிமையாளராக உயர்ந்திருந்த ஜோசப் புலிட்சர் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அவர் அளித்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு சிறிய தொகை தந்தாலும், தந்தவர் பெயர் நாளிதழில் அச்சேறும். அதன் பின்னர் அஞ்சலில் காசுகள் வந்து குவியலாயின. தொழிலாளர்களும் ஏவலர்களும் அனுப்பினர். சிறுவர் சிறுமியரும் அனுப்பினர். அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரிலிருந்த ஒரு மழலையர் வகுப்புப் பிள்ளைகள் தம்மிடையே சேர்த்த 1 டாலர் 35 சென்ட்டை அனுப்பிவைத்தனர்.

ஐந்தே மாதங்களில், 1885 ஆகஸ்டு 11 அன்று, இலக்கைத் தாண்டி ஏறத்தாழ 1,02,000 டாலர் சேர்ந்துவிட்டது என்று அவ்விதழ் அறிவித்தது. கொடுத்தவர்கள் 1,20,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகவே தந்தவர்கள். 1886 அக்டோபர் 28 அன்று சிலை திறந்து வைக்கப்பட்டது.

இதில் நாம் கருத வேண்டியது சிலையை அன்று. ஆளுநரும் நாடாளுமன்றமும் செய்ய மறுத்ததை ஏழைகளின் சில்லறை செய்து முடித்தது எப்படி? நாளிதழை விற்கும் உத்தியும் அதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஐந்து காசு தந்த சிறுவன் மறுநாள் இதழைப் பிரித்தபோது, தன் பெயரைத் தன் கண்ணால் கண்டான். தன் காசு போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிடச் சான்று அவனுக்கு வேண்டியதில்லை. கணக்கு காட்டியதால் நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கையால் மேலும் காசு வந்தது. இந்த வரிசையை நாம் மறக்கலாகாது.

அலிகரில் ஒரு கடமைக் கழகம்

ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டிலும் மாணவர்கள் முன்னின்ற முயற்சி ஒன்று தோன்றியது. சர் சையித் அஹ்மத் கான் அவர்கள் 1875 மே 24 அன்று அலிகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாயிற்று. 1920-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாகவும் மலர்ந்தது. அதனைக் கட்டியெழுப்ப சர் சையித் ஊர் ஊராகச் சென்று கையேந்தியதை வரலாறு விரிவாகவே பதிந்து வைத்துள்ளது. முஸ்லிம்கள் மட்டுமின்றி, பாட்டியாலா மகாராஜா போன்ற பிற சமயத்தாரும் அதற்கு அள்ளி வழங்கினர். கொடுத்தோர் பெயர்கள் அக்கல்லூரியின் கட்டடங்களில் கல்லில் பொறிக்கப்பட்டன. நியூயார்க்கில் அச்சுத்தாள் செய்த பணியை அலிகரில் கல் செய்தது எனலாம்.

கட்டடம் எழுந்தது, ஆனால், கட்டணம் செலுத்த இயலாத ஏழை மாணவர்களின் நிலை என்ன? இக்கேள்விக்கு மாணவர்களே விடை கண்டனர். 1890-ஆம் ஆண்டு, சாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மத் கான் முன்னின்று 'அஞ்சுமன் அல் ஃபர்ள்' என்னும் அமைப்பை நிறுவினார். ஆங்கிலத்தில் 'டியூட்டி சொசைட்டி' என்று அது வழங்கப்பட்டது. தமிழில் 'கடமைக் கழகம்' என்று கூறலாம். 1867-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்றுதான். இக்கழகத்தைச் சேர்ந்த மாணவர்கள் விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று, வசதியற்ற உடன் மாணவர்களின் படிப்புக்காக நிதி திரட்டி வந்தனர்.

பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். உதவிக் கழகம் என்றோ கருணைக் கழகம் என்றோ அவர்கள் பெயரிடவில்லை, கடமை என்றார்கள். பெறுகின்ற ஏழை மாணவன் தலைகுனிய வேண்டாம், கொடுக்கின்றவன் தலைநிமிர்ந்து திரிய வேண்டாம் என்ற பண்பு அப்பெயரிலேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். அஃப்தாப் அஹ்மத் கான் பின்னாளில், 1924 முதல் 1926 வரை, அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே பொறுப்பேற்றார். மாணவப் பருவத்தில் வசூலுக்குச் சென்ற கால்கள்தாம் துணைவேந்தர் இருக்கை வரை நடந்தன.

பத்துக் காசுகளின் அணிவகுப்பு

அடுத்த நிகழ்வு 1938-இல் நடந்தது. அக்காலத்தில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் ஒவ்வொரு கோடையிலும் அமெரிக்கக் குடும்பங்களை நடுங்க வைத்தது. அந்நாட்டின் அதிபராயிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே 1921-இல், தம் 39-ஆம் வயதில், கால்களின் வலுவை இழந்தவர். அந்நோய் என்றே அன்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். அதனை எதிர்த்துப் போராட 1938 ஜனவரியில் ஒரு தேசிய அறக்கட்டளை அமைந்தது. அதற்கு நிதி திரட்டும் வழியை நகைச்சுவை நடிகர் எட்டி கேண்டர் எடுத்துரைத்தார்.

அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயத்திற்கு 'டைம்' என்று பெயர். அந்நாளில் 'காலத்தின் அணிவகுப்பு' என்று பொருள்படும் பெயரில் ஒரு செய்திப்படத் தொடர் திரையரங்குகளில் புகழ் பெற்றிருந்தது. காலத்தைக் குறிக்கும் சொல்லும் காசைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கியவை. அதனைச் சாதகமாக்கி, 'பத்துக் காசுகளின் அணிவகுப்பு' என்று இம்முயற்சிக்கு அவர் பெயர் சூட்டினார். ஆளுக்கொரு பத்துக் காசு நாணயத்தை வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள் என்று வானொலி வாயிலாக வேண்டினார். முதலிரு நாள்கள் வரவு மிகக் குறைவு. பின்னர் அஞ்சல் மூட்டைகள் மலைபோல் வந்திறங்கின. 26,80,000 பத்துக் காசுகள், அதாவது 2,68,000 டாலர், வந்து சேர்ந்தன.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இது பள்ளிக்கூடங்களுக்குள்ளும் நுழைந்தது. காசு அளவிற்குப் பள்ளம் வைத்த அட்டைகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு காசைப் பொருத்தி, அட்டை நிறைந்ததும் ஆசிரியரிடம் ஒப்படைப்பார்கள். எண்ணத் தெரியாத சிறு குழந்தைக்கும் எத்தனை பள்ளம் நிறைந்தது, எத்தனை மீதம் என்பது கண்ணுக்குத் தெரியும். அவ்வட்டையே அக்குழந்தையின் கணக்கேடு.

இப்பணத்தின் துணையால்தான் ஜோனஸ் சால்க் என்னும் அறிவியலாளர் தம் தடுப்பூசி ஆய்வை நடத்தினார். 1954 ஏப்ரலில் தொடங்கிய மாபெரும் சோதனையில் சுமார் 18 இலட்சம் பள்ளிச் சிறுவர்கள் பங்கேற்றனர். காசு கொடுத்த தலைமுறையே கையையும் நீட்டியது. 1955 ஏப்ரல் 12 அன்று, அத்தடுப்பூசி பாதுகாப்பானது, பயன் தருவது என்ற முடிவு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தைக் கண்டறிந்த ஆல்பர்ட் சேபினின் ஆய்வுக்கும் அதே அறக்கட்டளை பொருளுதவி செய்திருந்தது.

அந்தச் சொட்டு மருந்து பின்னர் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 1995 முதல் நாடெங்கும் நடந்த போலியோ முகாம்களில் நம் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்ட இரு சொட்டுகளின் முன்கதை இதுதான். உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் அம்மருந்தைப் பற்றி வதந்திகள் பரவி மக்கள் தயங்கியபோது, ஆலிம்கள் நேரில் எடுத்துரைத்ததும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புச் செய்ததும் அத்தயக்கத்தை நீக்கத் துணைநின்றன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே நம் நாட்டின் கடைசி நோய்ப்பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. எங்கோ ஒரு வகுப்பறையில் அட்டையில் பொருத்திய காசு, எங்கெங்கோ பிறந்த குழந்தைகளை நடக்க வைத்தது.

62,345 பென்னிகள்

இனி, நம் கட்டுரையின் மையமான நிகழ்வுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிவர் ஃபால்ஸ் என்றோர் ஊர். அங்குள்ள வெஸ்ட்சைடு தொடக்கப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, கிரெக் மார்ட்டென்சன் என்பவரின் தாயார். மலையேறுபவரான மார்ட்டென்சன், 1993-இல் உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தில் ஏற முயன்று, உச்சியை எட்டாமல் திரும்பியவர். பாகிஸ்தானின் வடகோடியில், பல்திஸ்தான் மலைப்பகுதியில் உள்ள கோர்ஃபே என்னும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதையும், அதனைக் கட்டித்தரத் தாம் உறுதியளித்திருப்பதையும் அவர் தம் தாயாரின் பள்ளிக்கூட மாணவர்களிடம் எடுத்துரைத்தார். கோர்ஃபே மக்கள் முஸ்லிம்கள். பல்தி மொழி பேசுவோர்.

மார்ட்டென்சன் அதற்கு முன்னர் புகழ்பெற்ற மனிதர்களுக்கு 580 கடிதங்கள் எழுதியதாகவும், வந்தது ஒரே ஒரு நூறு டாலர் காசோலைதான் என்றும் பிற்காலத்தில் எழுதினார். பெரியவர்கள் நிலை அவ்வாறிருக்க, இச்சிறுவர்கள் காத்திருக்கவில்லை. தத்தம் வீட்டு உண்டியலைத் திறந்தார்கள். பென்னி என்பது ஒரு சென்ட் நாணயம். அமெரிக்காவிலேயே மிகச் சிறியது. தெருவில் விழுந்து கிடந்தாலும் பலர் குனிந்து எடுக்க மாட்டார்கள். அத்தகைய பென்னிகளை அம்மாணவர்கள் 62,345 எண்ணிக்கையில் திரட்டினர். மதிப்பு 623 டாலர் 45 சென்ட். அன்றைய நாணய மாற்றில் நம் பணத்திற்குச் சுமார் இருபதாயிரம் ரூபாய். எடையோ 150 கிலோவுக்குக் குறையாது.

இத்தொகையில் பள்ளிக்கூடம் கட்டிவிட முடியாது என்பது உண்மையே. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ழான் ஹேர்னி என்பவர் பின்னர் அளித்த 12,000 டாலரே கட்டுமானத்திற்குக் கைகொடுத்தது. கட்டுமானப் பொருள்களைக் கொண்டு செல்ல முதலில் பிரால்டு ஆற்றின் மேல் ஒரு பாலம் தேவைப்பட்டது, பாலம் அமைந்தது. 1996-இல் கோர்ஃபே பள்ளிக்கூடமும் எழுந்தது. அதே ஆண்டு 'சென்ட்ரல் ஏஷியா இன்ஸ்டிட்யூட்' என்னும் அறநிறுவனமும் உருவாயிற்று. ரிவர் ஃபால்ஸ் பிள்ளைகளின் முயற்சி 'அமைதிக்கான பென்னிகள்' என்ற பெயரில் அந்நிறுவனத்தின் தனித் திட்டமாக வளர்ந்தது. 2006-இல் வெளிவந்த 'மூன்று கோப்பைத் தேநீர்' என்ற அவரது நூல் பல இலட்சம் படிகள் விற்றது. அதனைப் படித்த ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வகுப்பறை மூலையில் கண்ணாடிச் சாடி வைத்துப் பென்னி சேர்த்தனர். 2001-க்குப் பின் முஸ்லிம்கள் என்றாலே அச்சத்தோடு நோக்கப்பட்ட ஒரு நாட்டில், முகமறியா முஸ்லிம் சிறுமியரின் கல்விக்காக அந்நாட்டுச் சிறார்கள் காசு சேர்த்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்வது நம் கடமை.

கணக்குக் கேட்ட ஆண்டு

2011 ஏப்ரல் 17 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அந்நிறுவனத்தின் கணக்குகளைக் குறித்துக் கேள்விகளை எழுப்பியது. சுமார் முப்பது பள்ளிக்கூடங்களை விசாரித்ததில், ஏறத்தாழ பாதி வெறுமையாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது அந்நிறுவனத்தின் உதவி பெறாதவை என்று அந்நிகழ்ச்சி கூறியது. எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் அதே வேளையில் விரிவாக எழுதினார். அவர் வெளியாள் அல்லர். முன்னர் அதே நிறுவனத்திற்குப் பல்லாயிரம் டாலர் வழங்கிய நன்கொடையாளர். 2009-இல் மட்டும் பள்ளிச் சிறார்கள் பென்னித் திட்டத்திற்கு 17 இலட்சம் டாலர் தந்தனர். ஆசிரியர் ஊதியம், மாணவர் உதவித்தொகை, பள்ளிக்கூடப் பொருள்கள் முதலிய அத்திட்டத்திற்குரிய செலவுகளுக்கு அந்நிறுவனம் செலவழித்ததோ 6,12,000 டாலர்தான் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். நூலில் சொல்லப்பட்ட கோர்ஃபே பயணக் கதையின் உண்மையும் ஐயத்திற்கு உள்ளாயிற்று.

மோன்டானா மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்குரைஞர் விசாரணை நடத்தி, 2012 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டார். மார்ட்டென்சனின் நூல்படிகளை வாங்குவதற்கே நிறுவனம் ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் செலவிட்டிருந்தது. அந்நூல்களுக்கான விளம்பரத்திற்கும் பெருந்தொகை போயிருந்தது. நூல் விற்பனையின் வருவாயோ நிறுவனத்திற்கு உரியவாறு வந்து சேரவில்லை. சொந்தச் செலவும் நிறுவனச் செலவும் கலந்து கிடந்தன. சான்றுச் சீட்டுகள் சரிவர இல்லை. இவற்றைத் தட்டிக் கேட்க வேண்டிய நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அவரையும் சேர்த்து மூவரே. முடிவில், பத்து இலட்சம் டாலருக்கு மேல் அவர் திருப்பிச் செலுத்த வேண்டும், தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும், குழுவை விரிவுபடுத்த வேண்டும் என்று உடன்பாடாயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோர்ஃபே பள்ளிக்கூடம் கற்பனையன்று, அது கட்டப்பட்டது. நிறுவனம் பல நற்பணிகளைச் செய்திருக்கிறது என்பதை அரசு அறிக்கையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, எல்லாமே பொய் என்று தள்ளிவிடுவது நீதியாகாது. ஆயினும், நன்மை செய்தவரின் நன்மையே அவருடைய கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்குக் காரணமாகிவிட்டது. புகழ் வளர வளரக் கேள்வி கேட்பார் குறைந்தனர். இழப்பு பெரிதும் யாருக்கு? நூலை விலைக்கு வாங்கியவர்கள் சிலர் வழக்குமன்றம் வரை சென்றார்கள், அவ்வழக்கும் தள்ளுபடியாயிற்று. கண்ணாடிச் சாடியில் பென்னி போட்ட ஏழு வயதுப் பிள்ளை எங்கே செல்லும்? யாரிடம் கேட்கும்? அடுத்த முறை ஒரு சாடி நீட்டப்படும்போது அதன் கை தயங்கும், அவ்வளவுதான். அத்தயக்கத்தை எந்தப் பத்து இலட்சமும் ஈடுசெய்யாது.

பிள்ளைகளின் காசு அமானத். அமானத்தில் சிறிது, பெரிது என்ற வேறுபாடு இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். இன்னும் சொல்லப்போனால், கேட்கத் தெரியாதவரின் அமானத்துக்கே கூடுதல் காவல் தேவை.

மாணவர் நடத்தும் முறை

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து, நம் பள்ளிக்கூடங்களிலும் மதரஸாக்களிலும் பிள்ளைகள் இத்தகைய சேகரிப்பை நடத்தும்போது கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

நோக்கம் ஒன்றாகவும் கண்ணால் காணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். 'ஏழைகளுக்கு உதவி' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இன்ன வகுப்பிற்கு இத்தனை பெஞ்சுகள்' என்று சொல்வது பிள்ளைகளின் உள்ளத்தில் பதியும். அந்நோக்கத்தைப் பிள்ளைகளே கலந்து பேசித் தேர்ந்தெடுக்கட்டும். அஞ்சுமன் அல் ஃபர்ளின் வலிமை, அருகில் அமர்ந்து படித்த தோழனின் தேவையை மாணவர்களே உணர்ந்ததில் இருந்தது. காலவரையறையும் வேண்டும், இரண்டு அல்லது மூன்று வாரங்கள் போதும். முடிவில்லாத வசூல் சலிப்பையே தரும்.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் 'பென்னிப் போர்' என்றொரு விளையாட்டு முறை உண்டு. வகுப்புக்கு ஒரு சாடி. தம் சாடியில் விழும் பென்னிகள் மதிப்பெண்ணைக் கூட்டும். எதிர்வகுப்பார் வந்து அதே சாடியில் வெள்ளிக் காசோ தாள் பணமோ போட்டால், அத்தொகை மதிப்பெண்ணிலிருந்து கழியும். எதிரணியைத் தோற்கடிக்கப் போடும் பணமும் இறுதியில் நற்காரியத்திற்கே சேரும் என்பது அதன் நுட்பம். கேட்பதற்குச் சுவையாக இருப்பினும், வசதி படைத்த பிள்ளைகள் மிகுந்த வகுப்பே அதில் வெல்லும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்யும் தந்தையின் மகன், சாடியின் முன் வெறுங்கையுடன் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது. காசு மட்டுமே ஏற்போம், தாள் பணம் வேண்டாம் என்று வரையறுத்தால் ஏற்றத்தாழ்வு பெரிதும் குறையும். யார் எவ்வளவு போட்டார் என்பதை எழுதாமல், வகுப்பின் மொத்தத்தை மட்டும் எழுதுவதும் நலம். காசு இல்லாத பிள்ளை எண்ணும் பணியிலும் எழுதும் பணியிலும் பங்கேற்கட்டும், அதுவும் கொடைதான். பிள்ளைகளைப் பெட்டியுடன் கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்திற்கும் அனுப்புதல் அறவே கூடாது.

எண்ணும் வேலை பெரியவர்கள் தனியறையில் செய்து முடிக்கும் வேலையாக இருக்கலாகாது. மாணவர்களே, வகுப்புக்கு இருவராக, அனைவர் முன்னிலையிலும் எண்ணட்டும். நூறு நூறாகப் பொதிந்து, எண்ணிக்கையை ஏட்டில் எழுதி, இரு மாணவரும் ஓர் ஆசிரியரும் கையொப்பமிடட்டும். அன்றன்றைய தொகையைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் கணக்குப் பாடமும் உடன் நடக்கும். வங்கிகள் நாணயங்களை மறுக்காமல் ஏற்க வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும் என்று 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கூறுகிறது. நம் மாநிலத்தில் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கிய பத்து ரூபாய் நாணயமும், எந்த வடிவில் இருப்பினும், செல்லத்தக்கதே என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. வங்கி தந்த வரவுச் சீட்டின் படியைப் பிள்ளைகள் காணும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும்.

இறுதியானதும் முதன்மையானதுமான நெறி, கொடுத்தவர்களிடம் திரும்பி வருவது. பெஞ்சு வாங்கியாயிற்றா? வாங்கிய விலை என்ன? மீதம் எவ்வளவு? அது எங்கே இருக்கிறது? இந்நான்கையும் அதே பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். இயன்றால் பெஞ்சையே அழைத்துச் சென்று காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த ஆண்டு வசூலுக்குச் சாடியை எடுக்கலாகாது.

காசு மறையும் காலம்

காலம் மாறிவருகிறது. நம் நாட்டில் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதனவாயின. அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்திற்கான பென்னி அச்சிடுவதை நிறுத்திக்கொண்டது. தேநீர்க் கடையிலும் செல்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். காசைத் தொட்டு எண்ணாமலே ஒரு தலைமுறை வளர்கிறது. நாளை நம் பிள்ளைகளின் சேகரிப்பும் செல்பேசி வழியாகவே நடைபெறக்கூடும். காசாகிய நாணயம் மறையலாம். நேர்மையாகிய நாணயம் மறைந்துவிடக் கூடாது. குலுங்கும் ஓசையின்றிச் சேரும் பணத்திற்கு, குலுங்கிச் சேர்ந்த பணத்தைவிட அதிக விழிப்பு தேவைப்படும்.

இவ்வாண்டறிக்கை ஜமாஅத்தின் வரவு செலவைத் தங்கள் முன் வைக்கிறது. அன்புகூர்ந்து அப்பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகாமல் படியுங்கள். ஐயம் இருப்பின் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். கேட்பது நிர்வாகிகளை அவமதிப்பதாகாது, அவர்களுக்குப் பாதுகாப்பாகும். நிர்வாகிகளும் அவ்வாறே கருதி மகிழ்வார்கள் என்பது நம் நம்பிக்கை. மேலும், நம் மதரஸாப் பிள்ளைகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எனத் தரும் காசு எந்தப் பணிக்குச் சென்றாலும், அதற்கென இவ்வறிக்கையில் தனியாக ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பதை நிர்வாகப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு வைக்கிறோம். தொகை சிறிதென்று 'இதர வரவு' என்னும் தலைப்பில் அதனைக் கரைத்துவிட வேண்டாம். அப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை இந்த ஜமாஅத்தின் பொருளாளராக அமரக்கூடும். தம் சிறுவயதுக் காசு அச்சேறியிருந்ததைக் கண்டவர், பிறர் காசையும் அவ்வாறே காத்து எழுதுவார்.

வல்ல நாயன் நம் அனைவரையும் நாணயமுடையோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.